செக்ரோல் மென்பொருளைத் திரைவாசிப்பானுக்கு ஏற்பத் திருத்தியது: ஒரு வேலைப் பதிவு

இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் சென்ற மாதச் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டை, பெரிய கிளாக்கர் ஐயா தனியாகவே பதிந்து முடித்தார். நீரிழிவு விழித்திரையைத் தாக்கியதால் எழுத்துகளைப் பார்க்கும் ஆற்றலை அவர் இழந்து சில ஆண்டுகளாகின்றன. மேசை, கதவு, ஆள் உருவம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அதுவரை உதவிக் கிளாக்கர் பக்கத்தில் அமர்ந்து திரையை வாசிப்பதும், இவர் கணக்கைச் சொல்வதும், அவர் தட்டுவதுமாகத்தான் மாதக் கடைசி ஓடியது. அந்தச் செக்ரோல் மென்பொருளைத் திரைவாசிப்பானுடன் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளுடன்) பயன்படுத்தக்கூடியதாகத் திருத்திய வேலையை, இதேபோன்ற பழைய நிறுவன மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

மென்பொருள் சிறியதன்று. பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனிக்காக 2009 வாக்கில் எழுதப்பட்டது. செக்ரோல், கொழுந்து நிறுவை, களஞ்சியம், முற்பணக் கழிவு, ஊழியர் சேமலாப நிதி என்று பிரிவு பிரிவாக வளர்ந்து, பலர் கைபட்டு, இப்போது ஹட்டனில் இருந்து வேலை செய்யும் எங்கள் சிறு குழுவிடம் பராமரிப்புக்கு வந்திருக்கிறது. அடிப்படை, மைக்ரோசொஃப்ட்டின் பழைய வலைச்செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி டொட் நெட் வெப்ஃபோர்ம்ஸ், தரவுத்தளம் எஸ்கியூஎல் சேர்வர். புதிதாக எழுதுவதற்குப் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில்தான் சில்லு மாற்றவேண்டியிருந்தது, அதுவும் சம்பள நாளுக்கு முன்னால் ஒரு திருகாணியும் கழன்றிருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

கம்பனியிடம் நேரம் கேட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு விடயங்களைக் குறிப்பிட்டோம். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் கம்பனியின் மனத்தை அசைத்தது சட்டமன்று என்றே நினைக்கிறேன். அந்தக் கிளாக்கர் ஓய்வுபெற்றால் பழைய சேவைக்காலக் கணக்குகளை அவிழ்க்க வேறு ஆள் இல்லை என்று தோட்டத்துத் துரை (முகாமையாளர்) தலைமை அலுவலகத்துக்கு எழுதிய ஒற்றை வரிதான் காரியத்தை முடித்தது.

கருவிகள்

திரைவாசிப்பானாக என்விடிஏவைத் தேர்ந்தோம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசமானது; விண்டோஸ் கணனியில் நிறுவச் சில நிமிடங்கள் போதும். தமிழ்க் குரலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அதனோடே வரும் ஈஸ்பீக் என்ஜி; இயந்திரத்தனமான குரல், ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் பிரிந்து கேட்கும். மற்றது, விண்டோஸில் தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்தால் கிடைக்கும் ‘வள்ளுவர்’ குரல். மனிதக் குரலுக்கு நெருக்கமானது. எனக்கு வள்ளுவர்தான் பிடித்திருந்தது. கிளாக்கர் ஐயா இரண்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வள்ளுவர் ரொம்ப ஆறுதலாப் பேசுறாரு தம்பி, மாசக் கடைசியில அவ்வளவு ஆறுதல் நமக்குச் சரிவராது.” ஈஸ்பீக்கையே வைத்துக்கொண்டோம்.

செலவு பெரிதாக இல்லை. இரு காதையும் மூடும் ஹெட்ஃபோன் 3,900 ரூபா. அலுவலகத்தில் கொழுந்து நிறுக்க வருகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே சிறிய காதுக்கருவிகள் உதவவில்லை. எண் பலகையுடன் கூடிய விசைப்பலகை 2,600 ரூபா. இது ஆடம்பரம் போலத் தோன்றினாலும் அவசியமானது, ஏனெனில் என்விடிஏவின் கட்டளைகளில் பல ‘இன்சேர்ட்’ விசையோடு சேர்ந்தவை, எண்களை வரிசையாக அடிப்பதும் எண் பலகையில்தான் தடவிப் பழகக்கூடியது. ஐந்தாம் எண் விசையில் ஏற்கனவே ஒரு சிறு புடைப்பு உண்டு; அதற்கு மேல் ஒட்டுவதற்கு ஒன்றும் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில், உலாவியில் சேர்க்கும் ‘ஆக்ஸ்’ என்ற தானியங்கிச் சோதனைக் கருவி, நிறமாறுபாட்டை அளக்கும் இலவசக் கருவி ஒன்று, என்விடிஏ பேசுவதை எழுத்தில் காட்டும் ‘ஸ்பீச் வியூவர்’ சாளரம் ஆகியவற்றைப் பயன்படுத்தினோம்.

அளவுகோல், இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்காக (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக இருப்பதற்காக) இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிடும் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, அதன் மூன்று நிலைகளில் நடுவானதான இரட்டை ஏ நிலை. இந்தப் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது.

முதல் சுற்று: சோதனைக் கருவி சொன்னபடி

ஆக்ஸ் காட்டிய பிழைகளை வரிசையாகத் தீர்ப்பதில் தொடங்கினோம். செக்ரோல் திரையில் தலைப்புகள் வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் நிறத்தில் இருந்தன. அதன் மாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2.85க்கு 1. சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5க்கு 1. #595959 ஆக்கியபோது 7க்கு 1 வந்தது. பக்கத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஒரே சிஎஸ்எஸ் கோப்பில் செய்த மாற்றம் என்பதால் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒருமிக்கப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே வேறொரு தோட்டத்தின் கணக்கப்பிள்ளை தொலைபேசியில் அழைத்து, திரையை யாரோ துடைத்துவிட்டது போல் இருக்கிறது என்றார்.

அடுத்து, பெட்டிகளுக்குப் பெயர் இல்லாத சிக்கல். வெப்ஃபோர்ம்ஸில் லேபல் கட்டுப்பாட்டை வைத்தால் அது, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் லேபலாக (பெட்டியின் பெயராக) வெளிவரும் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். எந்தப் பெட்டிக்கு உரியது என்று ‘அசோசியேட்டட் கன்ட்ரோல் ஐடி’ என்ற பண்பில் குறிப்பிட்டால்தான் லேபலாக வரும். குறிப்பிடாவிட்டால் எந்தப் பெட்டியோடும் சேராத வெறும் ‘ஸ்பான்’ ஆகத்தான் வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய நிரலாளர் ஒருவர் லேபலையும் பெட்டியையும் சேர்த்து ஒரு பொதுக் கட்டுப்பாடு செய்துவைத்திருந்தார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்த ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லாப் பிரிவுகளிலும் பெட்டிகளுக்குப் பெயர் வந்துவிட்டது. பொதுக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தாமல் அதன் நிரலை வெட்டி ஒட்டிக்கொண்ட திரைகளில்தான் கையால் வேலை செய்யவேண்டியிருந்தது. அப்படி ஒட்டிய இடங்களில் ஒரே ஐடி (ஓர் உறுப்பை இனங்காட்டும் பெயர்) ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று தடவை வந்திருந்தது. டபிள்யூ3சி வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பில் 4.1.1 என்ற ‘பாகுபடுத்தல்’ விதியையே நீக்கிவிட்டதால் இரட்டை ஐடி தன்னளவில் பிழையாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனாலும் லேபல் அந்த ஐடியுள்ள முதலாவது பெட்டியையே பிடித்துக்கொள்வதால், ‘மேலதிகக் கிலோ’ என்ற பெயர் ‘அரைப்பேர்’ (அரைநாள் வேலை) பெட்டியில் போய் உட்கார்ந்திருந்தது. விதியை எடுத்துவிட்டார்கள் என்று ஐடிகளை அலட்சியம் செய்ய முடியாது.

மாதச் செக்ரோல் அட்டவணை முழுவதும், அட்டவணை என்ற பொருள் எதையும் சொல்லாத ‘டிவ்’ என்ற வெறும் பகுதிகளால் கட்டப்பட்டிருந்தது. அதை உடைக்காமல், ஒவ்வொரு டிவ்விலும் ஆரியா பண்புகளை (உறுப்பு எத்தகையது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்புகளை) ஒட்டி, மொத்தத்தையும் ‘கிரிட்’ என்று அறிவித்தோம். சோதனைக் கருவி பச்சை காட்டியது. கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தபோது அம்புக்குறி விசைகள் எதுவும் வேலை செய்யவில்லை. கிரிட் என்று அறிவித்தவுடன் என்விடிஏ விசைகளையெல்லாம் பக்கத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. அவற்றை வாங்கி இயக்கும் நிரலை நாங்கள் எழுதியிருந்தால்தானே. தவறான ஆரியாவைவிட ஆரியாவே இல்லாதிருப்பது மேல் என்று டபிள்யூ3சியின் ஆரியா வழிகாட்டியே சொல்கிறது. அதை முன்பே வாசித்திருந்தும் அட்டவணையை உடைக்கும் சோம்பலில்தான் இந்த வழிக்குப் போனோம். ஒட்டிய பண்புகளில் பெரும்பகுதியைப் பின்னர் கழற்றிவிட்டோம்.

ஆனால் அதைவிடப் பெரிய விடயம் அன்று வெளிப்பட்டது. தலைப்பு வரிசையை வாசிக்க விட்டபோது, ‘சம்பளம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலக் குரல் ஏதோ முணுமுணுத்தது. எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்தோம்: ஆர், கே, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி. “இது நம்ம பாமினி தட்டுற எழுத்து தம்பி,” என்று கிளாக்கர் ஐயா உடனே கண்டுபிடித்தார். முப்பது வருடம் அந்த விசைகளைத் தட்டிய விரல்கள் அவருடையவை.

பாமினியை அவிழ்த்தல்

இலங்கையில் தமிழ்க் கணனி வேலை செய்த எவருக்கும் பாமினி எழுத்துருவைத் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது. திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டில் தமிழுக்கெனத் தனி இடம் 1990களின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டபோதும், 2009இல் இந்த மென்பொருளை எழுதியவர்கள் அலுவலகங்களில் பழகியிருந்த எழுத்துருவையே தரவுத்தளத்துக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள். கண் பார்வை உள்ளவருக்கு இதில் குறையே இல்லை. திரைவாசிப்பானோ எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்தின் குறியீட்டைத்தான் பார்க்கிறது. சோதனைக் கருவியும் அப்படியே: பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, உள்ளே ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, லேபல் இருக்கிறது, நிறம் சரி, பிழை எங்கே? எங்கள் ஊர்ப் பழைய மென்பொருள்களில் அணுகல்தன்மையைக் கெடுக்கும் முதற்காரணத்தைப் பற்றி அந்தக் கருவி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மாற்றி எழுதுவது எளிதென்றே முதலில் தோன்றியது. எழுத்துக்கு எழுத்து ஓர் அட்டவணை போட்டால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று முளைத்தது.

கொம்பு முதலில் வந்தது. பாமினியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை எழுதும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யுனிகோட்டில் மெய்க்குப் பின்னால் வரவேண்டும். ‘கொழுந்து’ என்பதில் கொம்பு முன்னேயும் துணைக்கால் பின்னேயுமாகப் பிரிந்து நிற்பதை ஒன்றுசேர்த்து ஒகரக் குறியாக்கவேண்டும். இதற்கு இடம்மாற்றும் விதி ஒன்றை எழுதினோம். அடுத்தது துணைக்கால். ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றை எழுதும்போது பாமினியில் துணைக்காலுக்குரிய அதே விசையைத் தட்டி அதன்மேல் புள்ளியையோ இகரக் குறியையோ போடுவார்கள். ஆகவே அந்த விசையைத் தொடர்ந்து புள்ளியோ இகர ஈகாரக் குறியோ வந்தால் ரகரம், வராவிட்டால் கால் என்று பார்க்கவேண்டும். இந்த விதி இல்லாமல் ஓட்டிய முதல் பட்டியலில் மாரியம்மாக்கள் எல்லோரும் வாசிக்க முடியாத பெயருக்கு உரியவர்களாகிவிட்டார்கள்.

பின்னர் வந்தது அடையாள அட்டை இலக்கம். பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கும். பாமினியில் அந்த இரண்டும் முறையே ‘ஏ’, ‘ஓ’. அடையாள அட்டைக்குரிய தரவுப் புலத்தை நாங்கள் தொடவில்லை. ஆனால் ‘குறிப்பு’ என்ற புலத்தில் கிளாக்கர்மார் இலக்கங்களையும் எழுதியிருந்தார்கள், அவை எல்லாம் ‘ஏ’யில் முடிந்தன. ஒன்பது இலக்கமும் அந்த எழுத்தும் சேர்ந்து வந்தால் கைவைக்காதே என்று விதி சேர்த்தோம். 2016இலிருந்து வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள் மட்டுமே என்பதால் அவை தப்பின.

குறிப்புப் புலம்தான் தலைவலி. சில வரிகள் பாமினி, சில வரிகள் உண்மையான ஆங்கிலம், சில ஒரே வரியில் இரண்டும். எழுத்துருத் தகவல் தரவுத்தளத்தில் இல்லை. சொல்லின் நடுவே அரைப்புள்ளி வந்தால் அது பாமினி என்று கொண்டோம். பாமினியில் புள்ளிக்குரிய விசை அதுதான், ஆங்கிலச் சொல்லின் நடுவே அது வராது. பெரும்பாலான சொற்கள் இப்படியே பிரிந்துவிட்டன. மெய்யெழுத்தே இல்லாத ‘காசு’, ‘கழிவு’, ‘லீவு’ போன்றவற்றைத் தனிப் பட்டியலாக்கி, உதவிக் கிளாக்கரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பூச்சி (மென்பொருள் வழு) ‘ஈ’. கணக்கில் ‘இதைவிடச் சிறியது’ என்று போடும் கூர்க்குறிதான் பாமினியில் ‘ஈ’. எச்டிஎம்எல்லில் அந்தக் குறிக்குப் பின்னால் ஆங்கில எழுத்து வந்தால் உலாவி அதை ஒரு குறிச்சொல்லின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். லேபல்களில் எழுத்தைக் குறியாக்காமல் அப்படியே வெளியிட்டிருந்ததால், ‘ஈட்டிய விடுமுறை’ என்ற தலைப்பு ஆண்டுக்கணக்காகத் திரையில் தெரியவே இல்லை; அந்தப் பெட்டிக்குத் தலைப்பே கிடையாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ‘ஈஸ்வரி’ என்ற பெயர் மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது, ஏனென்றால் ‘ஸ்’க்குரிய விசை எழுத்தன்று, சதுர அடைப்புக்குறி, அதைக் கண்டால் உலாவி கூர்க்குறியை வெறும் எழுத்தாகவே காட்டிவிடும். இன்னொரு பக்கத்தில், குறிப்பில் ‘ஈட்டிய’ என்று தட்டிச் சேமித்தால் ஏஎஸ்பி டொட் நெட்டின் உள்ளீட்டுப் பாதுகாப்பு, ஆபத்தான மதிப்பு என்று பக்கத்தையே நிறுத்திவிடும். கிளாக்கர்மார் காரணம் தெரியாமலே தப்புவழி கண்டிருந்தார்கள்: எல்லா இடத்திலும் ‘இட்டிய’ என்று எழுதியிருந்தார்கள்.

தேடலும் இதோடு சீரானது. எஸ்கியூஎல் சேர்வரின் வழக்கமான ஒப்பீட்டு முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. பாமினியிலோ சிறியது ‘அ’ என்றால் பெரியது ‘ஆ’. சிறியது ‘த’ என்றால் பெரியது ‘து’. ஒருவரைத் தேடினால் வேறொருவரும் சேர்ந்து வருவது ஏன் என்ற பழைய முறைப்பாட்டுக்கு இதுதான் விடை. அகரவரிசை என்று காட்டிய பட்டியலில் அமராவதிக்கு முன்னால் மாரியம்மா நின்றதற்கும் காரணம் இதுவே; ‘ம’வின் விசை ‘கே’, ‘அ’வின் விசை ‘எம்’. மாற்றிய பின் பட்டியல் உண்மையாகவே அகரவரிசைக்கு வந்தது. ஒருவரின் பெயர் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி என்று மனப்பாடமாக வைத்திருந்த சிலருக்கு அது சில வாரங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

தரவுத்தளத்தில் பழைய புலத்தை அழிக்காமல் பக்கத்தில் யுனிகோட்டை ஏற்கும் புதிய புலத்தைச் சேர்த்து, மாற்றியதை அதில் எழுதினோம். சம்பளம் கொடுத்து முடிந்ததற்கும் அடுத்த மாதச் செக்ரோல் திறப்பதற்கும் இடைப்பட்ட நாட்களில்தான் இதைச் செய்யமுடிந்தது. பெயர்ப் பட்டியலை அச்சிட்டு, பிரிவுக் கங்காணிமாரிடம் கொடுத்துப் பெரட்டில் (காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்தில்) பெயர் கூப்பிடும்போது சரிபார்க்கச் சொன்னோம். எந்த விதியும் பிடிக்காத பிழைகளை அவர்கள் சிவப்புப் பேனையால் பிடித்துத் தந்தார்கள். தட்டும் முறையை எவரும் மாற்றவேண்டியிருக்கவில்லை: தமிழ்த் தட்டச்சு மென்பொருளான ஈ-கலப்பையில் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, விரல் பழைய இடத்தில் தட்டும், விழுவது யுனிகோட்.

கடைசியாகப் பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று அறிவித்தோம். இதை மறந்திருந்த ஒரு திரையில், எழுத்து யுனிகோட் ஆன பின்னும் ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொற்களைத் தாண்டிக்கொண்டு எண்களை மட்டும் வாசித்தது. ஆங்கிலத்தில் இருக்கும் வங்கிப் பெயர்களுக்கும் சிங்களத்தில் இருக்கும் முகவரிகளுக்கும் அந்தந்தப் பகுதியில் மொழிப் பண்பைத் தனியாகப் போட்டோம். என்விடிஏ குரலைத் தானே மாற்றிக்கொள்கிறது.

அட்டவணையும் சேமிப்பும்

எழுத்து சரியான பின் டிவ் அட்டவணையைக் கழற்றிவிட்டு உண்மையான அட்டவணையை வைத்தோம். வெப்ஃபோர்ம்ஸின் அட்டவணைக் கட்டுப்பாடான கிரிட்வியூ தலைப்புக் கலங்களைத் தானாகவே முறையாக வெளியிடும். தொழிலாளியின் பெயர் உள்ள கலத்தை வரிசைத் தலைப்பாக்க மட்டும் நாங்கள் நிரல் எழுதவேண்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர், திகதி ஆகிய இரண்டு கலங்களையும் சுட்டி லேபல் கொடுத்தோம்.

அப்போது கிளாக்கர் ஐயா கேட்ட கேள்வி திரையின் அமைப்பையே மாற்றியது: “நான் அன்னன்னைக்குப் பெரட்டுக் கணக்கைத்தானே போடுறேன், எனக்கு எதுக்குத் தம்பி முப்பத்தொரு நாளையும் வாசிக்குது?” மாத அட்டவணையைப் பார்வைக்கு மட்டும் வைத்துவிட்டு, பதிவதற்கு ஒரு நாள் திரையைத் தனியாகச் செய்தோம். பெயர், வேலை வகை, கிலோ; அவ்வளவுதான். ஒரு தொழிலாளிக்கு 11 தடவை அடுத்த பெட்டிக்குப் போகும் டெப் விசையை அழுத்தவேண்டியிருந்தது 2 ஆகக் குறைந்தது. வேலை வகைக்கு இருந்த அலங்காரப் பட்டியலை எடுத்துவிட்டு எச்டிஎம்எல்லின் சாதாரணத் தெரிவுப் பட்டியலை வைத்து, செக்ரோல் குறியீட்டு எண்ணைச் சொல்லுக்கு முன்னால் போட்டோம்: 1 கொழுந்து, 2 கவ்வாத்து, 3 உரம் என்றவாறு. எண்ணைத் தட்டினால் பட்டியல் அங்கே போய் நிற்கும். இதற்கு ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டும் தேவைப்படவில்லை.

சேமிக்கும்போது பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பனல் அடுத்த தடை. புதுப்பித்தவுடன் நின்ற இடம் பறிபோய்ப் பக்கத்தின் தலைக்கே போய்விடும். கண்ணால் பார்ப்பவர் மவுஸால் திரும்பி வந்துவிடுவார், கேட்பவர் மறுபடி முதலிலிருந்து நடக்கவேண்டும். புதுப்பிப்பதற்கு முன் நின்ற பெட்டியின் ஐடியைக் குறித்துவைத்து, முடிந்ததும் அங்கேயே கொண்டுபோய் விட்டோம். ‘சேமித்தாயிற்று’ என்ற அறிவிப்பைக் குரலில் சொல்லவைக்க ‘ஸ்டேட்டஸ்’ பகுதியைப் பனலுக்கு உள்ளே வைத்தபோது சில தடவை பேசியது, பல தடவை பேசவில்லை. அந்தப் பகுதி முன்பே பக்கத்தில் இருந்து, அதன் உள்ளடக்கம் மாறினால்தான் திரைவாசிப்பான் கவனிக்கும். பனலுக்குள் இருந்தால் பகுதியே புதிதாக மாற்றப்படுகிறது. வெளியே எடுத்து வைத்ததும் ஒவ்வொரு தடவையும் பேசியது.

ஒவ்வொரு கிலோ எண்ணுக்கும் சேர்வருக்குப் போய் மேலதிகக் கிலோவைக் கணக்கிட்டு வந்ததையும் நிறுத்தி, வரிசை முடிந்ததும் ஒருமிக்கச் செய்யும்படி மாற்றினோம். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் இணைப்பு அறுந்தறுந்துதான் வரும். அறும் நேரத்தில் திரைவாசிப்பான் மௌனமாகிவிடும், மௌனத்துக்குக் காரணம் இணைப்பா மென்பொருளா என்று கேட்பவருக்குத் தெரியாது. வழக்கமான 20 நிமிட அமர்வு முடியுமுன் எச்சரிக்கும் சாளரத்தை எச்டிஎம்எல்லின் ‘டயலொக்’ உறுப்பாலேயே செய்தோம். முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் 2022இலிருந்து அது வேலை செய்கிறது. பழைய சாளரம் வெறும் டிவ். டெப் அழுத்தினால் அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத்துக்குள் இறங்கிவிடும்.

எழுத்தளவை 12 பிக்சலில் இருந்து 16 ஆக்கியபோது, வரிசைக்கு நிலையாக 18 பிக்சல் உயரம் போட்டிருந்ததால் ‘கு’, ‘மு’ போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டது. உயரத்தை எடுத்துவிட்டு வரியிடைவெளியை 1.6 ஆக்கினோம்.

அடுத்த தடவை எப்படிச் செய்வேன்

இதே மென்பொருளின் கொழுந்து நிறுவைப் பிரிவை அடுத்ததாக எடுத்திருக்கிறோம். அங்கே சோதனைக் கருவியைத் திறப்பதற்கு முன், திரையை அணைத்துவிட்டு ஒரு நாள் வேலையை என்விடிஏவில் கேட்டுக்கொண்டே செய்துபார்க்கிறோம். எழுத்துக் குறியாக்கம், மொழி அறிவிப்பு, பிறகு அட்டவணை, கடைசியில் நிறம் என்று வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறோம். நிறமும் லேபலும் ஒரு வாரத்திலேயே முடிந்துவிடும் வேலை என்பதால் அவற்றைப் பிற்போடுவதில் நட்டமில்லை, எழுத்து மாற்றமோ சம்பள நாட்களுக்கு இடையில் மட்டுமே இடம் கிடைக்கும் வேலை. சிஎஸ்எஸ் கோப்புகளிலோ அறிக்கை வார்ப்புருக்களிலோ பாமினி என்ற எழுத்துருப் பெயர் மறுபடி நுழைந்தால் வெளியீட்டையே நிறுத்தும் சிறு சோதனை ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். வேறொரு பிரிவில் பழைய கோப்பை வெட்டி ஒட்டிய நிரலாளர் ஒருவரை அது ஏற்கனவே பிடித்துவிட்டது. வெளியாரிடம் வாங்கிய நாட்காட்டித் தெரிவியைத் திருத்த முயன்று காலத்தைக் கழிக்காமல், நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண் பெட்டிகளை நேரே வைத்துவிடுவேன்.

தீராமல் இருப்பது சம்பளத்துண்டு. அதைப் பிடிஎஃப் ஆக்கும் அறிக்கைப் பொறி மிகப் பழையது. இன்னமும் பாமினியிலேயே அச்சிடுகிறது, அட்டவணை அமைப்புக்கான குறிகளும் கோப்பில் இல்லை. கைத்தொலைபேசியில் அந்தத் துண்டைத் திறந்து எழுத்தை நகலெடுத்தால் விழுவது ஆங்கில எழுத்துகள்தான். சேமலாப நிதிக்கு ஊழியரிடம் கழிக்கும் 8 வீதம், தோட்டம் கட்டும் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் ஆகியவை முறையான தலைப்புகளோடு வாசிக்கப்படும் எச்டிஎம்எல் துண்டு ஒன்றைச் செய்துமுடித்து, கிளாக்கர் ஐயாவின் சொந்தத் துண்டிலேயே பரிசோதித்துவிட்டோம். பிடிஎஃப்புக்குப் பதிலாக அதை ஏற்பதா என்பதைக் கம்பனியின் கணக்காய்வுப் பிரிவு இன்னும் தீர்மானிக்கவில்லை. அதுவரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.